குதி

நாலரைக்கு வெளிக்கிட்ட வான்
மருதங்கேணி தாண்டும்போது
ஒன்பது பேரில் ஆறு பேர் நித்திரை.
கிளறன்ஸ் மட்டும் கதைத்துக்கொண்டே வந்தான்,
குருநகரில் கலியாணங்களுக்குப் படம் பிடிக்கிறவன்.
"பொம்பிளை மாப்பிள்ளையெண்டால் சொன்ன இடத்தில நிக்கும்.
இதுகளுக்கு ஆர் சொல்லுறது?"

சுண்டிக்குளத்தில்
தார் முடிந்து மணல் தொடங்கின இடத்தில்
ஒரு சிப்பாய் எங்கள் பெயர்களை எழுதினான்.
ஒஸ்லோவிலிருந்து வந்த வாகீசனின் லென்சைத்
தூக்கிப் பார்த்து
பாரம் என்றான், சிங்களத்தில்.
விளங்கியது. சிரித்தோம்.

களப்பு அப்போது ஈயத்தகடு.
அதற்கு அப்பால், வானத்தைத் தண்ணீரோடு மூட்டின தையலில்
ரோஸ் நிறத்தில் ஒரு கோடு.
"பூநாரை" என்றார் யாரோ,
செத்தவீட்டில் கதைக்கிற குரலில்.

நடந்தால் எழும்பும். குனிந்து போனாலும் எழும்பும்.
படுத்தோம்.
வங்கி முகாமையாளர் படுத்தார், மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு.
நான் இரவல் கமராவை உயர்த்திப் பிடித்தபடி
பத்தடிக்குள்
இரண்டு முறை சேறு குடித்தேன்.

நளாயினி எங்களைக் கடந்து போனாள்.
சாவகச்சேரியில் மருந்துக்கடையில் நிற்பவள்,
வான் கதவருகே இருந்து
வழி முழுக்க ஒரு சொல்லும் பேசாதவள்.
கமரா அவள் முழங்கை மடிப்புகளில் குறுக்கே கிடந்தது,
ஒரு மணல் படவில்லை.
தலை ஒருதரம்கூட உயரவில்லை.
திரும்பி எனக்குச் சொன்னாள்:
"குதியைத் தூக்காதேங்கோ.
குதிதான் முதல் தெரியும்."

எங்கே பழகினது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கிளறன்ஸ்கூட.

அந்த நேரம் பார்த்து
இறால் வலையைத் தோளில் போட்ட ஒருவர்
முழங்கால் தண்ணீரில் நிமிர்ந்து நடந்து வந்தார்,
பீடியும் இருமலுமாய்.
பூநாரைகள் கொஞ்சம் அரக்கி வழி விட்டன,
சந்தைக்குள் சைக்கிள் வந்தால் விலகுகிற மாதிரி.
பிறகு பழையபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டன.

கரையைப் பார்த்தார் அவர்.
சேற்றில் முகம் குப்புற
வரிசையாய் ஒன்பது பேர்.

பீடி விழுந்தது.
"ஐயோ" என்று கத்திக்கொண்டு
தண்ணீரை உதைத்து ஓடிவந்தார்.

அதோடு கிளம்பின எல்லாம்.
மூடியிருந்த சிவப்பையும் கறுப்பையும்
ஒரே விரிப்பில் காட்டிக்கொண்டு
தலைக்கு மேலால் போக,
எட்டுக் கமராக்கள்
தகரத்தில் மழை மாதிரிச் சடசடத்தன.

நளாயினி மட்டும் எழும்பி நின்றாள்,
சேற்றுக் கைகள் இரண்டையும் உயர்த்தி.
"ஒண்டுமில்லை அண்ணை,
ஒண்டுமில்லை.
படம் எடுக்கிறம்."

அவர் மூச்சு வாங்கினார்.
ஒவ்வொருவராய் எண்ணிப் பார்த்தார்.
பிறகு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்,
பாசமாய்த்தான்.
அவருக்கும் ஒரு பிளேன்ரீ ஊற்றினோம்.

இரவு இருந்து நானூற்றுச் சொச்சம் அழித்தேன்.
வெறும் வானம், பாதிச் சிறகு, வாகீசனின் தொப்பி.
மிஞ்சினதில் ஒன்று
கை தவறி அமத்துப்பட்டது:
சேற்றில் முழங்கைக் குழிகள் இரண்டு வரிசை,
தண்ணீர் ஊறி நிரம்ப நிரம்ப.
ஒன்றுக்குள் ஓர் உள்ளான்
மூக்கை அடிவரை விட்டு
எதையோ இழுத்துக்கொண்டு நிற்கிறது.

மற்றவர்களுக்கு அனுப்பின படங்களோடு
அதை அனுப்பவில்லை.
அவளுக்கு அனுப்புவதா என்று
இன்னும் யோசிக்கிறேன்.