கணக்கு முடிப்பு

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிப் பெட்டிகளுக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
கணக்கை மூடுவது புதிதில்லை.
மார்ச் கடைசியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு,
மறுநாள் மஞ்சள் தடவிய புது நோட்டு.

இந்தக் கணக்கை மூடத்தான்
ஆறு முறை கேட்டார்கள்: நிச்சயமாகவா?
போனால் இவர்களெல்லாம் தேடுவார்கள் என்று
ஐந்து முகங்களைக் காட்டினார்கள்.
அதில் ஒன்று அப்பா.
அவர் இறந்த அன்று நான் போட்ட
அந்தப் படத்துக்குக் கீழேதான்
ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு என்றொரு விளம்பரம்
இருபது சதவீதத் தள்ளுபடியோடு வந்து நின்றது.

ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன்.
தினமும் காலை ஆறு மணிக்கு
பெட்டி என்ன விலை என்று போடுவேன்.
உத்தனப்பள்ளிக்காரர்கள் பார்ப்பார்கள்,
சூளகிரிக்காரர்கள் பார்ப்பார்கள்.
பெட்டி நாற்பது ரூபாய்க்கு விழுந்த ஒரு நாள்
ரோட்டில் கொட்டிக் கிடந்ததை மாடு தின்ன,
அதைப் படமெடுத்துப் போட்டேன்.
ஓடியது, அப்படி ஓடியது.
சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஊறுகாய் போடச் சொன்னார்.
ஒருவர் மாடு யாருடையது என்று ஆரம்பித்து
என் சாதிக்கு வந்து சேர்ந்தார்.
பதினோராயிரம் பேர் பின்னால் நின்றார்கள்.
அதன்பின் விலையைப் போட்டால்
ஏழு பேருக்குப் போகும்.
இன்னிக்கு மாடு இல்லையா என்பார்கள்.

இனாயத்துல்லா சொல்லி இங்கே வந்தேன்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
அவருடைய பிரிண்டர் ரிப்பேர் கடைக்குப் பின்னால்
ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது இந்த இடம்.
பெயர் வைக்கவில்லை. இனாயத் வீடு என்கிறோம்.
மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால்
முந்தின நாளே அறிவிப்பு வரும்:
"நாளை ஒன்பதிலிருந்து இரண்டு வரை
நாம் இருக்க மாட்டோம்."

பழைய இடத்தில்
ஒன்பது வருஷத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள்.
பிரித்தால் என் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது.
தக்காளி என்று எழுதிய இடத்திலெல்லாம்
வரிசையாக அடுக்கிய காலிப் பெட்டிகள்.
கதவை இன்னும் ஒருக்களித்துத்தான் வைத்திருக்கிறார்கள்,
முப்பது நாள் யோசிக்கச் சொல்லி.
இன்று பன்னிரண்டு.

இங்கே விலையைப் போட்டுவிட்டு
முதல் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டும் பழக்கம்
இந்த வீட்டில் இல்லை.
விரல் தானாகத் திரையைக் கீழே இழுத்தது,
மோட்டார் போட்டுவிட்டு
குழாய் வாயில் கை வைத்துப் பார்ப்பதுபோல.
காற்றுதான் வந்தது.

எட்டரைக்கு ஒரு பதில்:
"அறுநூறு, சின்னப் பெட்டியா பெரிய பெட்டியா?"
கேட்டவர் தேன்கனிக்கோட்டை திம்மராயன்.

நாலு வருஷம் முன்னால், அங்கே,
மண்டிக் கணக்குக்காரர்கள்
பேனாவால் அறுவடை செய்கிறவர்கள் என்று எழுதியவர்.
நான் திருப்பி எழுதியது வேண்டாம்.
இருநூறு பேர் அவருக்குக் கை தட்டினார்கள்,
எனக்கு முந்நூறு.
ஜெயித்துவிட்டு அவரைத் தடை செய்தேன்.

இங்கே மொத்தம் அறுபத்தொரு பேர்.
ஒருவரை விலக்கினாலும்
வீட்டில் சத்தம் குறைவது தெரியும்.
டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டு காலியாக இருந்து
பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன்?
நின்றுகொண்டே போவேன்.
கெலமங்கலம் வரை போவேன்.
அப்புறம் கால் வலிக்கும்.

"பெரியது" என்றேன்.
"எத்தனை கிலோ?"
"இருபத்தஞ்சு."
"கமிஷன் போகவா, சேர்த்தா?"

அவர் அன்று கேட்டதும் இதேதான்.
இந்தத் தடவை கை தட்ட யாரும் இல்லை என்பதால்
பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
கமிஷன் இவ்வளவு, இறக்கு கூலி இவ்வளவு,
அழுகல் என்று கழிப்பது இவ்வளவு,
அதில் நிஜமாக அழுகினது இவ்வளவு என்று
ஒவ்வொன்றாக எழுதி முடித்து
அனுப்பப் போனால்
மணி ஒன்பது.
பழையபேட்டையில் கரண்ட் போயிருந்தது.

நேற்றே சொல்லியிருந்தார்கள்.
இரண்டு மணிவரை
நாம் இருக்க மாட்டோம்.
அதுவரை யோசிக்கலாம்,
அந்த அழுகல் வரியை
எடுத்துவிடலாமா என்று.