நம்பர் நாற்பத்தொன்று

டிக்கோயா ஆஸ்பத்திரி, செவ்வாய் கிளினிக்.
மழை விட்டும் தகரம் விடவில்லை.

வேலாயி கொப்பிக்குக் கலண்டர் தாளில் உறை போட்டிருக்கிறார்;
போன வருஷத்துப் பிள்ளையார், தும்பிக்கை மடிந்து.
சன்னாசி சோடாப் போத்தலை மடிக்குள் மறைத்து
“தேத்தண்ணி இல்ல” என்கிறார், யாரும் கேட்காமலே.

மிஸ்ஸி ஒரு பெயரை உடைத்துக் கூப்பிட
மூன்று பேர் எழும்பினோம்.
இரண்டு பேர் திரும்ப உட்கார்ந்தோம்.

எல்லாரையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்:
இவருக்குச் சீனி, அவருக்கு நெஞ்சு,
அந்த மஃப்ளர்காரர் அடுத்த மாதம் வரமாட்டார்.

எதிர் வாங்கில் ஒருத்தி
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு குனிந்து, தன் கணுக்காலில்
கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள்.
குழி நின்றது.

செருப்பைக் கழற்றி
நானும் அழுத்தினேன்.
எது முதலில் நிரம்பும் என்று
பேசாமல் பார்த்திருந்தோம்.