நவம்பர் ரேகைகள்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்குக்
காலிங் பெல் தேவைப்பட்டதில்லை.
நவம்பர் பிறந்துவிட்டால் அம்மா கதவைச் சாத்தமாட்டாள்.
மங்கி குல்லாயும் மஃப்ளருமாய்
மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள்,
தாங்கள் சாகவில்லை என்று
சர்க்காரை நம்பவைக்க வேண்டியவர்கள்.

சாப்பாட்டு மேசையில் ரேகை எந்திரம்.
பக்கத்தில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம், பழைய பனியன் துணி.
முள்கம்பி இழுத்து, பாலத்துக்குப் பலகை சுமந்து,
கண்ணிவெடி தோண்டித் தேய்ந்த விரல்களை
எந்திரத்துக்கு அடையாளம் தெரியாது.
"அழுத்தாதீங்கண்ணே, சும்மா வைங்க,
பச்சப் புள்ள கன்னத்துல வைக்கிற மாதிரி."

நாயக் இருதயராஜுக்கு வலது பெருவிரல் இல்லை.
இடதுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது.
கண்ணைக் காட்டச் சொன்னாள். புரை.
ஏழாம் முறை பச்சை விழுந்தபோது
எழுந்து நின்று அவர் அடித்த சல்யூட்
அம்மாவுக்கா எந்திரத்துக்கா
இன்னும் எனக்குத் தெரியாது.

சலேத் மேரி, பி.யூ.சி. ஃபெயில்.
அப்பா சிக்கிமில் பாலம் போட்டுக்கொண்டிருந்த வருஷங்களில்
மூன்று பிள்ளைகளையும் மாமனாரின் ஆஸ்துமாவையும் வைத்துக்கொண்டு
மணியார்டருக்கும் ரேஷனுக்கும் ஸ்கூல் சீட்டுக்கும்
எழுதி எழுதிப் பழகிய கை.
ஆபீஸ் இந்தியைத்
திட்டு வாங்கியே கற்றுக்கொண்டாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.
ஃபிரிஜ்ஜில் தயிருக்கு இடமிருக்காது,
யார் யாருடைய இன்சுலினோ இருக்கும்.
என் நிச்சயதார்த்தத்தன்று காலை
பச்சையம்மாளின் புருஷனுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில்
அவள் பெயர் பச்சியம்மா என்றிருந்ததற்காக
ரெக்கார்ட் ஆபீஸ் ஜன்னலில் நின்றாள்.
வந்தவள் புடவைகூட மாற்றாமல்
சம்பந்திகளுக்குக் காப்பி கலந்தாள்.
"ஒரே ஒரு எழுத்துடி.
பதினோரு வருஷமாப் பென்ஷன் வரல."

காசு வாங்கமாட்டாள்.
யாராவது கான்டீன் ரம் பாட்டிலைச்
செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் போவார்கள்.
அதில் ஊறிய திராட்சையில்தான் எங்கள் கிறிஸ்துமஸ் கேக்.
எங்கள் தெருவில் பாதிரியார் இரண்டாம் துண்டு கேட்பது
எங்கள் வீட்டில் மட்டும்.

அப்பா போன இரண்டாம் வருஷம்
டிசம்பரில் அவள் பென்ஷன் வரவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு பேர் உயிரோடிருப்பதை நிரூபித்தவள்
தன் விரலை வைக்க மறந்துவிட்டாள்.
கணக்கில் செத்துப்போன அம்மா
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"செத்துப் பாத்தேன். ஒண்ணும் வித்தியாசமில்ல,
அப்பவும் மாவு நான்தான் அரைக்கணும்."

அதற்கப்புறம் ஒவ்வொரு நவம்பர் முப்பதும்
நான் போன் போடுவேன்.
விரல் வச்சியா?
வச்சேன் வச்சேன், நீ சாப்பிட்டியா?

இந்த ஆகஸ்டில் கல்பள்ளிக்குக் கொண்டுபோனோம்.
பெட்டி தூக்க ஆள் ஏற்பாடு செய்திருந்தான் அண்ணன்.
சுபேதார் தாமோதரன், வயது எண்பத்தொன்று,
"தள்ளு தம்பி" என்று தோள் கொடுத்தார்.
மூச்சு இரைத்தது.
குழி வரைக்கும் மாற்ற விடவில்லை.

நவம்பர் முதல் தேதி.
வீட்டைப் பூட்டத்தான் வந்தேன்.
பன்னிரண்டு மணிக்குப் புரோக்கர் வருவதாகப் பேச்சு.
மாடிப்படியில் மஃப்ளர்கள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
இருதயராஜ் மட்டும் இடது பெருவிரலை
வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலைமாவு டப்பாவுக்குப் பின்னால் எந்திரம் கிடைத்தது.
அதன் கண்ணாடியில்
எண்ணெய்ப் பிசுக்காய் ஒரு ரேகை.
குறுக்கே அரிவாள்மணைத் தழும்பு.
வச்சேன் வச்சேன் என்றது பொய்யில்லை.
எல்லோருக்கும் கடைசியாக வைத்திருக்கிறாள்.

அதைத் துடைத்தால்தான்
அடுத்தவர் விரல் விழும்.

பனியன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
படியில் யாரோ இருமுகிறார்கள்.