தெரியாக்கி

மிரின் என்று ஒரு சாமான் வேணுமாம்.
கொள்ளுப்பிட்டிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால்
இரண்டு போத்தல் நின்றது.
விலையைப் பார்த்தேன்.
என் கையில் இருந்த பையை அது பார்த்தது.
இஞ்சி மட்டும் நிறுத்துக்கொண்டு
நூறாம் நம்பர் பஸ்ஸில்
நின்றபடி வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன்.

முதல் தரம் கருகிப்போனது.
சட்டியின் அடியில்
காலி வீதிக்கு ஊற்றி மிஞ்சிய தார்.
புகை படியிறங்கிப் போய்
கீழ்வீட்டு தில்ருக்ஷி அக்காவைக் கூட்டிவந்தது.
காஸ் வெடிக்கப்போகுது என்று ஓடிவந்தவ
சட்டியை முகர்ந்தா, என்னை முகர்ந்தா,
திரும்பிப் போய்
பழைய சாராயப் போத்தல் ஒன்றோடு வந்தா.
தெனியாயக் கித்துள் பாணி.
"சீனி போட்டா எரியும் நங்கி, இது போடு."
போத்தலின் கழுத்தில்
ஒரு எறும்பு செத்து ஒட்டியிருந்தது.
இருவரும் அதைக் காணாத மாதிரி நின்றோம்.

இரண்டாம் தரம்.
சோயா ஒரு கோப்பை,
பாணி அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் கூட,
தென்னங்கள்ளு வினாகிரி இரண்டு மூடி,
துருவிய இஞ்சி, நசுக்கிய உள்ளி இரண்டு பல்.
மணிக்கூடு தேவையில்லை இந்த வீட்டில்.
பாணந்துறை ரயில் போகும்போது
அடுப்பைத் தணித்தேன்.
தண்டவாளம் அதிர, சுவர் அதிர,
சட்டிக்குள் கறுப்பு வட்டங்கள்
நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடின.
அடுத்த ரயில் மட்டும் கிண்டு என்று
எனக்கு நானே சொன்னேன்.
அது பிந்தியது. எப்பவும் போல.
அந்தப் பிந்தலில்தான் குழம்பு தடித்தது.
கரண்டியின் முதுகில் விரலால் கோடு கீறினேன்,
கோடு மூடாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை. ஆகவே கோழி இல்லை, கத்தரிக்காய்.
நீளவாட்டில் வெட்டி, தோசைக்கல்லில் வாட்டி,
மேலே ஊற்ற
அது தன் ஊதா நிறத்தை விட்டு
புதுச் சப்பாத்து மாதிரி மினுங்கியது.

நிதர்சனா வகுப்பால் வந்தாள்.
ஞாயிறு இரவு அவளுக்குப் பிளேன்.
பனி கொட்டும் ஏதோ ஊரில்
வயதானவர்களுக்கு ஊட்டிவிடும் வேலை.
மூன்று வருடம் ஒரே அலுமாரி,
இடப்பக்கம் அவளுடையது.
அங்கே அவள் தின்னப்போவதை
ஒருக்கா இங்கே வைத்துப் பார்க்க வேணும்போல் இருந்தது,
அவ்வளவுதான்.

தட்டைக் கண்டதும் ஆசிரியை ஆனாள்.
"தெரி என்றால் மினுக்கம்.
யாக்கி என்றால் சுட்டது."
எனக்கென்னவோ
தெரிய ஆக்கினது என்றுதான் கேட்டது.
"எத்தனை வருஷத்துக்குப் போறாய்?"
கத்தரிக்காயைச் சோற்றோடு பிசைந்தபடி
"தெரியா" என்றாள்.
"திரும்பி வந்து இந்த வீடுதானே?"
"தெரியா."
கி மட்டும்தான் குறை என்றேன்.
இருமும் வரைக்கும் சிரித்தாள்,
பிறகு தண்ணி கேட்டாள்,
பிறகு கொஞ்ச நேரம்
குழாயைத் திறந்துவிட்டபடி குசினியிலேயே நின்றாள்.

"எப்படி இருக்கு?" கேட்க மறந்துபோயிருந்தேன்.
"மிளகாய் போட மறந்த பிரட்டல் போல" என்றாள்.
இடிச்ச தூளை மேலே தூவி
தட்டை வழித்தாள்.

இன்று புதன்.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
ஜாம் போத்தலில் கால்வாசி மிச்சம்.
மேலே பிளாஸ்டர் ஒட்டி
அவள் ஏதோ எழுதி வைத்திருக்கிறாள்,
மூன்று நான்கு வளைவு, ஒரு குத்து,
கடைசியில் கொக்கி மாதிரி ஒன்று.
சாமானின் பெயராய் இருக்கலாம்.
திகதியாய் இருக்கலாம்.
தில்ருக்ஷி அக்கா கேட்டா, என்னடி எழுதியிருக்கு என்று.
எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்.

ரோஸ் பாணில் ஒரு துண்டு பிய்த்துத் தோய்க்கிறேன்.
குளிரில் இறுகி
நூல் மாதிரி இழுபடுகிறது.
அறுக்காமல்
மெல்ல மெல்லக் கையை உயர்த்துகிறேன்.