நாலு நாளைக்கு ஒருக்கா

செல்லூரில் என் எல்லை
பந்தல்குடி வாய்க்கால் பாலத்தில் தொடங்கி
தண்டவாளத்துக்கு முந்தின சந்தோடு முடியும்.
முந்நூறு வீடு. ஒரு டார்ச். ஒரு சாக்பீஸ்.
தோள்பையில் கொசுப்புழு மருந்து.
பார்த்து முடித்த வீட்டுக் கதவோரம்
தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன்.
போன மாசத் தேதிகள் மழையில் வழிந்து
யாரோ கணக்கைப் பாதியில் விட்ட மாதிரி
சுவரெல்லாம் வெள்ளை.

"கொசுக்காரம்மா வந்திருச்சு" என்று
பிள்ளைகள் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லும்.
எனக்கும் பேர் இருக்கிறது, தவமணி.
அது அட்டையில் இருக்கிறது.
அட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டு
சட்டைக்குள் இருக்கிறது.

"தண்ணியைத் தேக்காதீங்க."
ஆபீஸில் சொல்லிக்கொடுத்த வாசகம் இது.
முந்நூறு வீட்டிலும் சொல்கிறேன்.
முந்நூறு வீட்டிலும் ஒரே பதில்,
குரல்தான் வேறு வேறு:
"குழாயைத் தினம் திறக்கச் சொல்லு.
நான் எதுக்குத் தேக்குறேன்?"

சாயப்பட்டறையில் மலிவுக்கு வாங்கிய ட்ரம்கள்.
எத்தனை கழுவியும் விளிம்பு மட்டும் ஊதா.
அந்தத் தண்ணீரில்தான் உலை கொதிக்கிறது.
அதைப் பற்றிக் கேட்க என் படிவத்தில் இடமில்லை.
டார்ச் அடித்தால் தெரியும்,
நெளிகிற காற்புள்ளிகள்.
பார்க்க அழகாகக்கூட இருக்கும்,
வெளியே சொல்வதில்லை.

ஒச்சம்மாள் வீட்டு ட்ரம்மின் மேல்
ஒச்சம்மாளே உட்கார்ந்திருந்தாள்.
உள்ளே பாயில் மகன்.
நாலாவது நாள் காய்ச்சல்,
தட்டணு எழுபதாயிரம் என்று
ஆணியில் குத்திய சீட்டு.

"ராத்திரி ரெண்டரைக்கு வந்துச்சு.
பதினாறு குடம், நான் ஒருத்தி.
தூங்கிப்போயி இட்லிக்கடைக்குப் போகல,
அரைநாள் கூலி போச்சு.
இதயா கொட்டச் சொல்ற?"

கொட்டத்தான் சொல்ல வேண்டும்.
மறுத்தால் கொடுக்கிற நோட்டீஸ் பையில் இருந்தது.
அதைத் தேடுகிற மாதிரி
கொஞ்ச நேரம் பையைத் துழாவினேன்.
வழுக்கி விழுந்த முழங்காலில்
மஞ்சள் அப்பியிருந்தாள்.
"பழைய வேட்டி ஏதும் இருக்கா?" என்றேன்.

அண்டாவின் மேல் வேட்டியை
நானும் அவளும் இழுத்துப் பிடிக்க
பக்கத்து வீட்டு ரமீஜா மொண்டு மொண்டு ஊற்றினாள்.
பதினாறு குடமும் இறங்கியபின்
துணியில் தங்கியது
ஒரு கைப்பிடிகூட இல்லை.
தேங்காய்நாரால் ட்ரம்மின் உள்சுவரைத் தேய்த்தோம்,
முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.
வேட்டியை வெயிலில் போட்டோம்.
அன்றைக்கு இருபத்தேழு வீடுதான் முடிந்தது.
நோட்டில் எழுதினேன்: "கொட்டப்பட்டது."
என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் புது வீடுகளில்
தரைக்கடியில் ஒரு தொட்டி,
மாடியில் ஒரு தொட்டி, நடுவே மோட்டார்.
பெயிண்ட் புதுசு, சாக்பீஸ் கூடாது,
ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள்.
"ஐயா தூங்குறாரு" என்றார் காவல்காரர்.
தூங்கா நகரம் என்கிறார்களே,
எந்தத் தெருவைச் சொல்கிறார்கள்?

மீனாம்பாள்புரத்தில் எங்கள் வரிசைக்கு
அன்று ராத்திரி முறை.
மூன்று ட்ரம்மையும் கவிழ்த்துத் தேய்த்து வைத்திருந்தேன்.
பதினொன்று. ஒன்று. ரெண்டரை.
குழாய் காற்றைத் துப்பிவிட்டு ஓய்ந்தது.
குடங்களோடு தெருவே நிற்க
யாரோ போன் போட்டார்கள்.

வால்வு திறக்கிற வெயில்முத்து
பெரியாஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில்,
கையில் குளுக்கோஸ் ஏறுகிறதாம்.
சாவியை விடிந்துதான்
வேறு ஆளிடம் கொடுப்பார்களாம்.

"இனிமே அஞ்சு நாளைக்குச் சேத்துப்
பிடிச்சு வைக்கணும் போல"
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
நான்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.