முத்தி

பதினாலாம் தேதியிலிருந்து இருபத்து நாலுவரை
விளக்குத்தூண் ஜவுளிக்கடை வாசலில்
நான்தான் தாத்தா.
நாளுக்கு அறுநூறு, மதியச் சாப்பாடு தனி.
சிவப்புச் சட்டை, கறுப்பு பெல்ட்,
வயிற்றில் கட்டிய தலையணை,
கோந்து தடவி ஒட்டிய பஞ்சுத் தாடி.
மழை மாசத்தில் வெள்ளையடிக்கிறவனை
யார் கூப்பிடப்போகிறார்கள்?

மணி ஆட்டினேன். கை குலுக்கினேன்.
மிட்டாய் ஆளுக்கு ஒன்று,
அழுதால் இரண்டு.
மல்லிகை கிலோ நாலாயிரத்துக்கு ஏறிப்போன வாரம்.
கனகாம்பரம் வைத்து வந்த பெண்கள்
என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
"உங்க மான் எங்க?" என்றான் ஒரு பொடியன்.
"கீழவாசல் சிக்னல்ல மாட்டிக்கிச்சு" என்றேன்.
இன்னொரு சின்னப் பெண்
அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:
"இன்னிக்கு பர்த்டே உங்களுக்கா தாத்தா?"

வாயெல்லாம் பஞ்சு.
துப்பிவிட்டுச் சொல்வதற்குள்
அவள் அம்மா கையைப் பிடித்து
எஸ்கலேட்டரில் ஏற்றிவிட்டாள்.
சொல்லாத பதில்
பத்து நாளும் தொண்டையில் கிடந்தது.

என் இடப்பக்கம் ஒரு கூடை.
யாருக்குத் தோன்றியதோ,
உள்ளே நிஜ வைக்கோல் பரப்பி
அதன்மேல் குழந்தைகளுக்கான சாக்ஸ் குவித்திருந்தார்கள்.
மூணு ஜோடி நூறு.
ஆள் இல்லாத நேரங்களில்
என்னையறியாமல் அதற்குள் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.
பழக்கம்.

இருபத்து நாலு ராத்திரி
சூப்பர்வைசர் காசிமாயன் வந்து சொன்னார்:
"பத்துக்கு மேலதான் கூட்டம் வரும், வியாகுலம்.
பன்னெண்டுவரை நில்லு. ரெட்டைச் சம்பளம்."
நின்றேன்.
பொய் சொல்ல மாட்டேன், மனசார நின்றேன்.
பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டதாக
சவரியாயி போன் பண்ணினாள்.
ஆயிரத்து இருநூறில் கேஸ் சிலிண்டர் போக
எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டபடி
மணி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பது.
திரும்பிப் பார்த்தால்
சாக்ஸ் எல்லாம் தீர்ந்து போயிருந்தது.
கூடையில் வெறும் வைக்கோல்.

அவ்வளவுதான். நடந்துவிட்டேன்.
"இன்னும் இருபது நிமிஷம்தானப்பா!"
காசிமாயன் கத்தியது முதுகில் விழுந்தது.
தலையணை ஒரு பக்கம் சரிய
நாய் ரெண்டு துரத்த
ரோந்துப் போலீஸ்காரர் சிரித்தபடி சல்யூட் அடிக்க
கீழவெளி வீதி வரை ஓட்டமும் நடையும்.

மணியடித்து, திரை விலக்கி, பாலனைக் காட்டி முடித்திருந்தார்கள்.
பிரசங்கமும் பாதி போய்விட்டது.
கடைசித் தூணோரம் முழங்காலிட்டேன்.
பூசை முடிந்து முத்தி செய்யும் வரிசை.
குடிலைப் பார்த்து நகர்ந்த பிள்ளைகள்
ஒவ்வொன்றாய்த் திரும்பின.
"டேய், தாத்தாடா!"
வைக்கோலுக்கு முதுகு, எனக்கு முகம்.

கடைவாசலில் பத்து நாள் படாத வெட்கம்
அங்கே பட்டது.
குல்லாவைக் கழற்றினேன்.
தாடியைப் பிடித்து இழுத்தேன்,
தோல் எரிய எரிய.
தலையணையை அவிழ்த்துத் தூணடியில் போட்டேன்.
வியாகுலமாகப் பார்த்ததும்
பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விட்டது.
மறுபடி குடில் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

என் முறை வந்தது.
கோந்து நாறும் உதட்டோடு குனிந்தேன்.
இரவெல்லாம் நின்ற உபதேசியார்
ஒவ்வொரு முத்தத்துக்கும் பின்னால்
கைக்குட்டையால் அந்தப் பாதத்தைத் துடைக்கிறார்.
என் உதட்டுப் பஞ்சு ஒரு இழை அதில் ஒட்டியது.
அதையும் துடைத்தார்.

அப்போதுதான் பார்த்தேன்.
பாலனின் உடம்பெல்லாம் புதுப் பெயின்ட்.
கன்னத்தில் ரோஸ், முடியில் தங்கம்.
கட்டைவிரல் மட்டும் தேய்ந்து
உள்ளிருக்கும் சுண்ணாம்பு தெரிகிறது,
எத்தனை வருஷத்து வாய்கள் பட்டோ.

வருகிற வருஷம் பங்கில் கூப்பிட்டு
சுரூபத்துக்குச் சாயம் பூசச் சொன்னால்
பூசித் தருவேன், கூலி வேண்டாம்.
அந்த விரலை மட்டும்
தொட மாட்டேன்.