புறமுதுகு

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு.
டுலூத் நகரம் ஏரியைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது.
சரிவின் உச்சியில் அவன் வீடு,
வீட்டில் ஒரு ஜன்னல்,
ஜன்னலில் என் மகள், பூட்ஸ் மாட்டிக்கொண்டு.
வாரக் கடைசி என்னுடையது.
நீதிமன்றத் தாளில் அப்படித்தான் இருக்கிறது;
பனியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

என் கார் சின்னது.
பாதி பெட்ரோல், பாதி மின்சாரம்.
முன்சக்கரம் இரண்டுக்குத்தான் உழைப்பு;
பின்னால் இருப்பவை சும்மா கூட வருபவை,
கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இன்று நானூறு விரிப்பு மடித்தேன்.
வெளியே வந்தால் ஊர் முழுக்க
யாரோ மடிக்காமல் போட்டுவிட்டுப் போன
ஒரே விரிப்பு.

நான்காம் தெரு வரை குறையில்லை.
பெட்ரோல் முள் அடியில் கிடந்ததால்
ஹீட்டரை அணைத்திருந்தேன்.
சிவப்பு விளக்கில் இஞ்சின் தானாக ஓய்ந்து
கார் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
கண்ணாடிமேல் பனி விழும் சத்தம் கேட்டது.
அதற்குச் சத்தம் உண்டென்று
நாற்பத்தொரு குளிர்காலமாகத் தெரியாது எனக்கு.

பிறகு மேடு.
பாதியில் சக்கரம் வெறுமனே சுழல,
பலகையில் மஞ்சளாய் ஒரு குட்டிக் கார்
வழுக்கி வழுக்கி மின்னியது.
உடனே விசை அறுந்தது.
நான் மிதிக்கிறேன், அது மாட்டேன் என்கிறது.
என் நன்மைக்காகவாம்.
என் நன்மைக்காக என்று சொல்லி
என்னை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் முறையும் அப்படியே.
மூன்றாம் முறை ஒரு தபால்பெட்டியை
நெருங்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

போன். ஹால்வர்.
"நானே கொண்டுவந்து விடட்டுமா?"
நல்ல மனசோடுதான் கேட்டான்.
நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்காரர்களுக்கு
நல்ல மனசு சுலபமாக வந்துவிடுகிறது.
வேண்டாம் என்றேன்.

மணல் லாரி ஒன்று பக்கத்தில் நின்றது.
டெல்ஃபின் லாப்ரேரி, மடியில் சிப்ஸ் பொட்டலம்.
"இந்த மேடு என் பட்டியலில் ஒன்பது மணிக்குத்தான்"
என்றாள், போய்விட்டாள்.

யானைக்கும் அடி சறுக்குமாம்.
என்னுடையது சுண்டெலி. சறுக்கினால் செய்தியே இல்லை.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் காரைத் திருப்பினேன்.
மூக்கு ஏரியைப் பார்த்தது, முதுகு அவன் வீட்டை.
ரிவர்ஸில் போட்டேன்.
யோசித்துப் போட்டதாகச் சொன்னால் பொய்.
இஞ்சினின் எடையெல்லாம் முன்னால் சாய்ந்து
உழைக்கிற சக்கரங்களை ரோட்டில் அழுத்தியது.
பிடித்தது.

புறமுதுகு காட்டிக்கொண்டு ஏறினேன்.
கழுத்தைத் திருகி, ஒரு கை
யாருமில்லாத பக்கத்து இருக்கையின் தோளில்.
பீப் பீப் என்று கார்
உள்ளுக்குள்ளேயே கத்திக்கொண்டு வந்தது,
வெளியே ஒருவருக்கும் கேட்காமல்.
திரும்பும் நேரமெல்லாம் முன்கண்ணாடி நிறைய ஏரி:
தூக்குப் பாலத்தின் விளக்குகள்,
குளிர்காலத்துக்குக் கட்டிப்போட்ட தாதுக் கப்பல்,
விட்டு வந்த தெருக்கள்,
சிறுத்துக்கொண்டே, கண்ணை விட்டுப் போகாமல்.

வாசலில் மாரென்.
"ஏம்மா பின்னாடியே வர்றே?"
பனிவாரியோடு நின்ற ஹால்வர்
சிரிக்காமலிருக்கப் பாடுபட்டான்.
எனக்கும் வந்தது.
பையை டிக்கியில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இறங்கும்போது நேராகத்தான்.
முட்டைமேல் கால் வைப்பதுபோல் பிரேக்கைத் தொட,
திரையில் ஒரு பச்சை அம்பு
சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடியது.
"ஏறினதைத் திருப்பித் தருதா?"
"கொஞ்சம்."
"எவ்வளவு?"
வளைவில் ஒரு கணம் நழுவியது. அம்பு மறைந்தது.
இருவரும் பேசவில்லை.
பிறகு பிடித்துக்கொண்டது.

அவள் விரல்கள் சிவந்திருந்தன.
ஹீட்டரைப் போட்டேன்.
இஞ்சின் விழித்துக்கொண்டது.